காணாமையும் இன்மையும்

ஒரு பொருள் காணப்படவில்லை என்பதும் அப்பொருள் இல்லை என்பதும் ஒன்றல்ல. உலக வழக்கில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே மயங்கிக் கிடக்கின்றன. 'யான் கண்டிலேன், ஆகலின் அஃது இல்லை' என்பார் ஒரு சாரார். 'அஃது எவர் கண்ணுக்கும் புலனாகாதது. ஆகலின் அதனைப் பற்றி எது கூறினும் மறுப்பார் இலர்' என்று துணிந்து, மனம் போனவாறெல்லாம் கூறுவார் மற்றொரு சாரார். முன்னவர் இழப்பது பொருளை. பின்னவர் இழப்பது வாய்மையை. இவ்விரு வழுவிற்கும் இடையே செல்லத்தக்க நெறி யாது என்பது தருக்க நூலுக்கு மட்டும் உரிய வினாவன்று. 'உண்டு' என்பதும் 'இல்லை' என்பதும் சொற்களாகலின், அவற்றைத் தகுதியின்றி வழங்குதல் பொய்யின்பாற் படும். ஆகவே இஃது அறத்தைச் சார்ந்த வினாவுமாம்.

பொருள்களை அறியும் வாயில்களை அளவை என வகுத்தனர் முன்னோர். சிவஞான சித்தியார் சுபக்கத்தின் தொடக்கத்தே அளவை ஆராயப்படுகின்றது; பலவாகக் கூறப்படும் அளவைகள் ஆண்டுக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கப்படுகின்றன. கருதலுக்குக் கருவியாவது ஏது. புகையைக் கண்டு தீயுண்மை துணிதல் காரியத்தை ஏதுவாகக் கொண்டு காரணத்தைக் கருதுதலாம். காணப்படாமையையே ஏதுவாகக் கொண்டு ஒன்றன் இன்மையைத் துணிதலும் உண்டு. அஃது அநுபலத்தி எனப்படும். எனவே காணாமை அறிவு தராத வெற்று நிலையன்று. அதுவும் அறிவைப் பயக்கும் ஏதுவே என்பது பெறப்படும்.

அற்றேல், காணாமை எல்லாம் இன்மையைக் காட்டுமோ எனின், காட்டாது. நண்பகலில் திண்ணைமேற் குடம் காணப்படாவிடின் ஆண்டுக் குடம் இல்லை என்று துணியலாம். நள்ளிருளில் அத்திண்ணைமேற் கடுகு காணப்படாவிடின் கடுகு இல்லை என்று துணிதல் கூடாது. இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்னும் தகுதி குடத்துக்கு உண்டு, கடுகுக்கு இல்லை. இத்தகுதியோடு கூடிய காணாமையையே வடநூலார் யோக்கியாநுபலத்தி என்றனர். இவ்வொரு நிபந்தனையைக் கைவிடாது போற்றுதலே மேற்கூறிய நடுநெறி. அந்நெறியின் அருமையை, அணுவினும் நுண்ணிய துகள்களை ஆராயும் இக்கால இயற்பியலின் வரலாறு நன்கு விளக்குகின்றது. அவ்வரலாற்றில் தாம்பரத்திற் பயின்ற ஒருவருக்கும் பங்கு உண்டு.

சில அணுக்கருக்கள் சிதையும்போது எலக்ட்ரான் வெளிப்படும். சிதைவுக்கு முன் இருந்த ஆற்றலோடு பின் இருந்த ஆற்றலை ஒப்பிட்டவர்கள், ஒரு பகுதி காணாமற் போவதைக் கண்டு திகைத்தனர். ஆற்றல் அழிவதுமில்லை, புதிதாகத் தோன்றுவதுமில்லை என்னும் விதியையே கைவிடலாமோ என்று நீல்ஸ் போர் போன்ற பேரறிஞரும் கருதினர். 1930-இல் வுல்ஃப்காங் பவுலி, கருவிக்குப் புலனாகாத ஒரு துகள் அவ்வாற்றலைக் கொண்டு செல்கின்றது என்று கருதியுரைத்தார். அதுவே நியூட்ரினோ எனப் பெயர்பெற்றது. ஞாயிற்றிலிருந்து மட்டும், நிலத்தின்மேல் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 6,500 கோடி நியூட்ரினோக்கள் ஊடுருவிச் செல்கின்றன. உடல் அதனை உணர்வதில்லை. கருதியுரைத்து 26 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1956-இல் ரைன்ஸ், கோவன் என்னும் இருவர் அணு உலை ஒன்றன் அருகே அதனைக் கருவியாற் கண்டனர். புகை கண்டு துணியப்பட்ட தீ, பின்னர்க் கண்ணாலும் காணப்பட்டது என்க.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகரினின்றும் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. கோட்டயத்துப் பக்கம் 1931-இற் பிறந்த ஜார்ஜ் சுதர்சன் அக்கல்லூரியிற் பயின்று 1951-இற் பட்டம் பெற்றவர். பின்னர் அமெரிக்காவின் ராச்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மார்ஷக் என்பாரிடம் ஆராய்ச்சி மாணவராய் இருந்தபோது, 1957-இல் இருவரும் சேர்ந்து ஒரு கொள்கையை வெளியிட்டனர். அணுச் சிதைவுகளுக்கு ஏதுவான மெல்விசை எங்கும் ஒரே வடிவினது என்பதும், அவ்வடிவு இன்னது என்பதும் அக்கொள்கையின் சாரம். ஆயின், அந்நாளில் மதிப்புப் பெற்றிருந்த நான்கு சோதனைகளின் முடிவுகள் அதற்கு நேர்மாறாக நின்றன. அவற்றுள் ஒன்று காணாமையைப் பற்றியது. பையான் என்னும் துகள் சிதையுங்கால், ஏறக்குறைய 8,000-இல் ஒருமுறை எலக்ட்ரானாகச் சிதைதல் வேண்டும் என்பது கொள்கையின் கணக்கு. தேடினோர் அச்சிதைவைக் காணவில்லை என்று அறிவித்திருந்தனர்.

இந்நிலையில் ஆசிரியரும் மாணவரும் செய்தது கருதத்தக்கது. அவர்கள் அச்சோதனைகளை இகழ்ந்தொதுக்கவில்லை. தம் கொள்கையை அவற்றுக்கேற்ப வளைக்கவுமில்லை. அந்நான்கும் மீண்டும் செய்து பார்க்கப்படல் வேண்டும் என்றும், அவற்றுள் ஒன்று நிலைபெறினும் தம் கொள்கை கைவிடப்படல் வேண்டும் என்றும் கூறினர். 1958-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் பையானின் அச்சிதைவு காணப்பட்டது. ஏனைய சோதனைகளும் திருத்தம் பெற்றன. ஃபெயின்மன், கெல்-மன் என்னும் இருவர் பெயராலேயே அக்கொள்கை பெரிதும் பரவியபோதிலும், அதனை முதலிற் கண்டோர் சுதர்சனும் மார்ஷக்குமே என்பதை ஃபெயின்மன் தாமே பின்னர் ஒப்புக்கொண்டார். காணாமையைக் கண்டு கலங்காமை அவர்தம் அறிவின் திண்மை. இன்ன இடத்தில் காணப்படாவிடின் எம் கூற்றுப் பொய் என்று முன்னரே எல்லை வகுத்தமை அவர்தம் வாய்மையின் திண்மை. இவ்விரண்டனுள் அரியது பின்னதே.

இனி, அதே நியூட்ரினோவைப் பற்றி அறிஞருலகம் ஒரு வழுவில் வீழ்ந்தமையும் காண்க. அத்துகளுக்கு நிறை உண்டோ என்று அளந்தோர் எவரும் நிறை கண்டிலர். ஆகலின் பின்னர் நிலைபெற்ற துகட்கொள்கை அதனை நிறையற்றது என்றே வைத்துக்கொண்டது. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் பொற்சுரங்கத்தில் ரே டேவிஸ் என்பார் 1960-களின் இறுதி தொட்டு ஞாயிற்று நியூட்ரினோக்களை எண்ணியபோது, எதிர்பார்த்ததில் மூன்றிலொரு பங்கே கிடைத்தது. கணக்குப் பிழை என்றனர் சிலர். கருவிப் பிழை என்றனர் வேறு சிலர். வளிமண்டலத்திற் பிறக்கும் நியூட்ரினோக்களின் சுவட்டினை முதன்முதற் கண்டவருள், 1965-இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் ஆய்ந்த இந்திய, ஜப்பானிய, ஆங்கில அறிஞர் குழுவினரும் அடங்குவர். அவ்வகை நியூட்ரினோக்களையே 50,000 டன் நீர் நிரம்பிய தொட்டியில் ஆராய்ந்த ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே, 1998-இல் உண்மையை வெளிப்படுத்தியது. கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் அதனை ஞாயிற்று நியூட்ரினோக்களின் வாயிலாகவும் உறுதிசெய்தது. மூவகை நியூட்ரினோக்கள் உள்ளன. செல்லும் வழியில் ஒருவகை மற்றொருவகையாக மாறுகின்றது. மூன்றும் நிறையற்றனவாயின் அம்மாற்றம் கூடாது. ஆகவே நிறை உண்டு. ஜெர்மனியின் காட்ரின் சோதனை 2025-இல் வெளியிட்ட முடிவின்படி அந்நிறை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்குட்பட்டது. அஃதாவது எலக்ட்ரான் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. முன்னையோர் கண்டது நள்ளிருளிற் கடுகைக் காணாமை. அவர் துணிந்ததோ கடுகின் இன்மை.

இச்சிறு நிறைக்குக் காரணம் யாது என்பதற்கு அறிஞர் கூறும் விடைகளுள் ஒன்று, கிணற்றில் நீரிறைக்கும் ஏற்றத்தை ஒப்பது. ஏற்றத்தின் ஒரு முனை எத்துணைத் தாழ்கின்றதோ அத்துணை மறுமுனை உயரும். அதுபோல, நியூட்ரினோவுக்கு மிகப்பெரு நிறையுடைய இணைத்துகள் ஒன்று உளதாயின், அதன் நிறை மிகுந்தோறும் நியூட்ரினோவின் நிறை குறையும் என்பர். அப்பெருந்துகள் எக்கருவிக்கும் இதுகாறும் புலனாயிற்றில்லை. ஆகலின் இவ்விடை இன்னும் கருத்தளவில் நிற்பதே.

மற்றொரு புறத்தே காணாமையே ஏதுவாக ஒரு துகள் கருதப்பட்டது. அணுக்கருவைப் பிணிக்கும் வல்விசையின் கொள்கைப்படி, மின்னேற்றமற்ற நியூட்ரானிலும் நேர்மின், எதிர்மின் ஆகியவற்றின் சிறு விலகல் காணப்படுதற்கு இடமுண்டு. மிகக் கூரிய சோதனைகளில் அது காணப்படவில்லை. அவ்விலகலைத் தோற்றுவிக்கும் எண், இயல்பாகக் கருதத்தக்க அளவில் ஆயிரங் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்தது என்று அதனால் துணியப்பட்டது. இது நண்பகலிற் குடம் காணாமை. இவ்வின்மைக்குக் காரணம் வேண்டும் என்று 1977-இல் பெச்சி, குவின் என்போர் ஒரு சமச்சீர் விதியைக் கூறினர். அவ்விதி உண்மையாயின் ஒரு புதுத்துகளும் உண்டு என்பதை 1978-இல் வைன்பெர்க், வில்செக் ஆகியோர் தனித்தனியே காட்டினர். அமெரிக்கக் கடைகளில் விற்ற சலவைத்தூள் ஒன்றன் பெயரை எடுத்து, மாசு நீக்க வந்த அத்துகளுக்கு ஆக்ஸியான் என்று பெயரிட்டார் வில்செக். முதலில் கூறப்பட்ட ஆக்ஸியான் தேடப்பட்டது. காணப்படத்தக்க இடங்களிற் காணப்படாமையால் கைவிடப்பட்டது. பின்னர், அதனினும் மிக நொய்தாய், மிக அரிதிற் புலப்படும் வேறோர் ஆக்ஸியான் கருதப்பட்டது.

இவற்றொடு சேர்வது கரும்பொருள். 1933-இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி விண்மீன் மண்டலக் கூட்டம் ஒன்றன் இயக்கத்தை ஆராய்ந்தும், 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் சுழற்சியை அளந்தும், ஒளிரும் பொருளின் ஈர்ப்பு அவ்வியக்கத்துக்குப் போதாது என்று கண்டனர். அண்டத்தின் பொருள், ஆற்றல் ஆகியவற்றின் தொகுதியில் அறியப்பட்ட அணுப்பொருள் ஏறக்குறைய 5 விழுக்காடும், கரும்பொருள் 27 விழுக்காடும், எஞ்சியது கருமையாற்றலும் ஆம் என்பது இன்றைய கணக்கு. நிறையுள்ள நியூட்ரினோக்களே அக்கரும்பொருள் ஆகலாம் என்று 1970-களின் தொடக்கத்தில் கருதியவருள் இந்திய அறிஞர் ராமநாத் கௌசிக் ஒருவர். ஆயின் நியூட்ரினோக்கள் மிகு விரைவின. விண்மீன் மண்டலங்கள் திரண்டவாற்றுக்கு அவ்விரைவு ஒவ்வாமையால் அக்கருத்துத் தளர்ந்தது. 1983-இல் ஆக்ஸியானே கரும்பொருளாதல் கூடும் என்று காட்டப்பட்டது. ஆக்ஸியானுக்கு ஏதுவான சமச்சீர்ச் சிதைவும், நியூட்ரினோவின் பெருநிறை இணைத்துகளுக்கு ஏதுவானதும் ஒன்றேயாகலாம் என்னும் கொள்கைகளும் 1980-களில் எழுந்தன. அவை உண்மையாயின் நியூட்ரினோவின் நிறை, நியூட்ரானில் விலகல் காணாமை, கரும்பொருள் என்னும் மூன்று முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழும். கருத்தின் எழில் பெரிது. ஆயினும் எழில் அளவையன்று.

ஈண்டே இடர் உளது. ஒரு பொருள் தேடப்பட்டுக் காணப்படாத ஒவ்வொரு முறையும், 'அஃது இன்னும் நுண்ணியது' என்று கூறிக்கொண்டே போகலாம். அங்ஙனம் போயின் அக்கூற்றை எவராலும் மறுக்கவியலாது. மறுக்கவியலாத அக்காரணத்தாலேயே அஃது அறிவுமாகாது. யுரேனஸ் கோளின் இயக்கத்திற் கண்ட பிறழ்ச்சியைக் கொண்டு லெ வெரியே என்பார் புதுக்கோள் ஒன்றைக் கருதினார். 1846-இல் நெப்டியூன் காணப்பட்டது. அவரே புதன் கோளின் பிறழ்ச்சியைக் கொண்டு 1859-இல் மற்றொரு கோளைக் கருதினார். அதற்கு வல்கன் என்று பெயரும் இடப்பட்டது. அத்தகைய கோளே இல்லை. பிழை ஈர்ப்பு விதியிலேயே இருந்தது என்பது 1915-இல் ஐன்ஸ்டைனால் விளங்கிற்று. ஏது ஒருதன்மையதாயினும் ஒருமுறை பொருள் கிடைத்தது. மறுமுறை விதி திருந்தியது. கரும்பொருள் நெப்டியூனாகுமோ வல்கனாகுமோ என்பது காணப்படத்தக்க இடத்தில் தேடியே துணியத்தக்கது.

ஆகலின் கருதுவோரின் கடமை, தம் கருத்து எங்கே, எவ்வாறு காணப்படும் என்பதையும் உடன் கூறுதலே. 1983-இல் பியர் சிகிவி வலிய காந்தப்புலத்தில் ஆக்ஸியான் நுண்ணலையாக மாறும் என்று காட்டி, தேடும் வழியைத் தந்தார். அவ்வழியே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நிகழும் ஆராய்ச்சி, அலைவெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே ஒவ்வோர் எல்லையிலும் 'ஈண்டு இல்லை' என்று பதிந்துவருகின்றது. டேவிஸ் ஆய்ந்த அதே ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில், ஏறக்குறைய 1½ கிலோமீட்டர் ஆழத்தில், 10 டன் நீர்மச் செனானைக் கொண்டு வேறுவகைக் கரும்பொருட்டுகள் தேடப்படுகின்றது. அங்கும் இதுகாறும் கிடைத்தது காணாமையே. அக்காணாமை தோல்வியன்று. 'இன்ன நிறையும் இன்ன வன்மையும் உடையதாயின் அஃது இல்லை' என்று வரையறுத்துக் கூறும் அறிவு அது. சென்னைத் தென்புறத்துத் தரமணியில் உள்ளது கணித அறிவியல் நிறுவனம். 1962-இல் நிறுவப்பெற்று, 1980-களில் சுதர்சனையே இயக்குநராகவும் கொண்டது. அத்தகைய கழகங்களில் எழுதுகோலும் தாளும் கொண்டு செய்யப்படும் ஆராய்ச்சியின் பெருமையும், தேடுவோருக்கு இடமும் எல்லையும் வகுத்துக் கொடுத்தலில் அடங்கியதே.

இவ்விதி துகளாராய்ச்சியோடு நிற்பதன்று. நியூட்ரினோக்களை ஆராய்தற்குத் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தின் மலையைக் குடைந்து, 50,000 டன் காந்த இரும்புக் கருவியை நிறுவும் திட்டத்துக்கு 2015-இல் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. தரமணி நிறுவனமும் அம்முயற்சியிற் பங்குகொண்டது. மலை குடைதலால் நீரும் காடும் விலங்கும் ஊறுபடும் என்று ஊராரும் பிறரும் அஞ்சினர், 2022-இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது, குடைவு எழவில்லை. நியூட்ரினோ உடலை ஊறின்றி ஊடுருவுவது. அதனையே நஞ்சென அஞ்சினோர் ஏதுவின்றி அஞ்சினர். ஆயின் 'தீங்கு எதுவும் காணப்படவில்லை' என்னும் விடையும் தன்னளவில் நிரம்பிய விடையன்று. தீங்கு இருந்தால் புலப்படும் வகையில், உரிய இடத்தில், உரிய காலமளவும் தேடப்பட்டதா என்னும் வினாவுக்கு விடை கிடைத்த பின்னரே காணாமை இன்மையாகும். விண்ணகப் பொருளுக்கு வேண்டிய அளவை, மலையடிவாரத்து உழவனின் கிணற்றுக்கும் வேண்டும்.

சமயத்துறையில் எழக்கூடிய ஒரு மயக்கத்தையும் ஈண்டே களைதல் நன்று. ஆணவமலம் இருள் எனப்படுதலாலும், அண்டத்தின் பெரும்பகுதி கரும்பொருள் எனப்படுதலாலும், 'ஆன்றோர் கூறிய இருளை அறிவியலார் இன்று கண்டனர்' என்று மகிழ்வார் உளர். அம்மகிழ்ச்சி பொருந்தாது. ஆணவம் உயிரின் அறிவை மறைப்பது. அதன் இருள் உவமை. கரும்பொருளோ நிறையுடையது, ஈர்ப்பது, இடத்தில் நிலவுவது. அஃது உண்மையாயின், சித்தாந்த வகுப்பின்படியே மாயையின் காரியமாகிய சடப்பொருள்களுள் ஒன்றாக வைக்கத்தக்கதன்றி மலமாகாது. அன்றியும், கரும்பொருள் நாளை வல்கனாய் ஒழியுமாயின், அதனைத் தூணாக நட்டு எழுப்பிய மாளிகையும் உடன் சரியும். தன் காலில் நிற்கவல்ல மெய்ப்பொருளுக்கு, இன்னும் துணியப்படாத துகளைத் துணையாக நிறுத்துவது அதற்குப் பெருமையன்று.

இதுகாறும் கூறியவாற்றால், காணப்படாத பொருளின்கண் கடைப்பிடிக்கத்தக்க ஒழுக்கம் மூன்று என்பது விளங்கும். காரியம் கண்ட அளவுக்கே காரணத்தைக் கருதுதல் ஒன்று. காணப்படத்தக்க இடத்தைக் கூறி, ஆண்டுக் காணப்படாவிடின் கருத்தைக் கைவிடத் துணிதல் ஒன்று. காணத்தகாத இடத்திற் காணாமையை இன்மையென்று கூறாமை ஒன்று. பெயரிட்டவுடன் பொருளை அறிந்துவிட்டதாக எண்ணுதல் இம்மூன்றுக்கும் பகை.

மக்கள் ஒருவரையொருவர் மதிப்பிடுதற்கும் இவ்வொழுக்கமே அளவுகோல். அயலானிடத்து அன்பு காணப்படவில்லை என்று கூறுவோன், அவ்வன்பு வெளிப்படத்தக்க இடத்தில் அவனோடு ஒருநாளேனும் நின்றதுண்டோ என்று தன்னைக் கேட்டல் வேண்டும். நில்லாதவனுக்கு 'யான் கண்டிலேன்' என்று கூற உரிமை உண்டு. 'அவனிடத்து இல்லை' என்று கூற உரிமை இல்லை.